ஏழு முறை கழுவப்பட்டது

ஆகஸ்ட் 5

மாதா கோயில் திருவிழா. ஊருக்கே விடுமுறை. லேபில் நான் ஒருத்திதான். பதினோரு மணிக்குப் போனேன். நேற்று கரைத்து வைத்திருந்த நாற்பத்தோராம் கலவையை வடிகட்டிக் கழுவி, காய வைக்கும் அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். மாமியார் வீட்டில் பதினெட்டுப் பேருக்குச் சமையல். சாயங்காலம் மாதாவைச் சுமந்து வந்த சப்பரம் பார்த்தோம். கால் இரண்டும் வீங்கிப்போய்விட்டது. ஆனாலும் நல்ல நாள்.

ஆகஸ்ட் 12

கிடைத்துவிட்டது!

ஆறு வருஷமாக என் வீட்டுக்காரர் ராயப்பன் கேட்கிற கேள்விக்கு இன்றைக்குத்தான் நிமிர்ந்து பதில் சொன்னேன். அவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை. "புகையைப் பிடிச்சு என்னதான் செய்யப்போற?" என்பார். கேளுங்கள் மகாராசா. ஆலைப் புகையில் கரியமில வாயு இருக்கிறது. அதை வடிகட்டிப் பிடிக்க ஒரு பொருள் உண்டு. பிடித்ததை ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேன் ஆக்க, அதாவது எரிக்கிற வாயு ஆக்க, வேறொரு பொருள் உண்டு. உலகம் முழுக்க இந்த இரண்டையும் இரண்டு பாத்திரத்தில் செய்கிறார்கள். பிடித்ததைச் சூடாக்கி வெளியேற்றி, அழுத்தி, அடுத்த பாத்திரத்துக்குக் கொண்டுபோவதற்குள் பாதிச் சக்தி வீண். இரண்டு வேலையையும் குருணையாக உடைத்த ஒரே பொருள் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. புகையை விட்டால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜனை விட்டால், பிடித்ததை அங்கேயே மீத்தேனாக மாற்றித் தர வேண்டும். மீனைப் பிடித்த வலையே குழம்பும் வைத்துக் கொடுப்பது மாதிரி.

நாற்பது கலவை செய்தேன். நிக்கல், கொஞ்சம் ருத்தேனியம், சுண்ணாம்பு, அலுமினா. ஒன்று பிடித்தால் சமைக்காது, ஒன்று சமைத்தால் பிடிக்காது. நாற்பத்தொன்று இரண்டும் செய்தது! எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் கருவியின் திரையில் மீத்தேன் கோடு விறுவிறுவென்று ஏறி, கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் அடுத்த லேபிலிருந்து ஆள் ஓடி வந்தது.

உலகம்மாள் மேடம் என் வழிகாட்டி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்கிற மாதிரி இருப்பவர். இன்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஆறு வருஷமா என் உயிர வாங்குனதுக்கு இது போதும்" என்றார்.

ஆகஸ்ட் 13

மேடம் என் லேப் நோட்டை வாங்கி, நாற்பத்தொன்றின் செய்முறையை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "ஏழு முறை கழுவப்பட்டது" என்ற வரி வந்ததும் மேடம் தலையாட்டினார். அது இந்த லேபின் வேதவாக்கு. கலவையைக் கட்டியாக்க வாஷிங் சோடா சேர்க்கிறோம். அதிலுள்ள சோடியம் தங்கிவிட்டால் நிக்கல் கெட்டுப்போகும் என்பது பாடம். அதனால் காய்ச்சி வடித்த நீரில் ஏழு முறை. ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம். ஏழு முறை என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 2

அடுத்த அதிசயம். காஸ்டிக் சோடா ஆலை ஒன்று ஒப்புக்கொண்டது. அவர்களிடம் கொதிகலன் புகையும் இருக்கிறது, வேலையின் ஊடே வெளிவரும் ஹைட்ரஜனும் இருக்கிறது. டிசம்பர் 18 அன்று அவர்கள் இடத்தில், அவர்கள் புகையில், எல்லோர் கண்ணெதிரில் செய்து காட்ட வேண்டும். இரண்டு கிலோ குருணை வேண்டும். நான் இதுவரை செய்ததெல்லாம் கைப்பிடி அளவு.

பெரிய அளவில் செய்வது நயினார் அண்ணன் பொறுப்பு. முழுப்பெயர் ஆறுமுகநயினார். ஒப்பந்த உதவியாளர். பதினான்கு வருஷமாக இந்த லேபில் கண்ணாடிச் சாமான் அவர் கையில் உடைந்ததில்லை. என் நோட்டை நகலெடுத்துக் கொடுத்தேன். மேசையில் விரித்து, மேலே சின்னக் கண்ணாடித் தட்டை வைத்து, விரல் வைத்து வைத்துப் படித்தார். "ஜெசிம்மா, நீங்க எழுதினது அப்படியே ஒரு வரி மாறாம செய்துருவேன். கவலைப்படாதீங்க" என்றார்.

செப்டம்பர் 21

முதல் கிலோ. சமைக்கிறது, பிடிக்கவில்லை. புகை உள்ளே போனது போலவே வெளியே வருகிறது.

செப்டம்பர் 30

இரண்டாவது கிலோவும் அதே கதை. மேடம் முகத்தில் பழைய கடுகடுப்பு திரும்பிவிட்டது. எங்கோ கழுவலில் குறை என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெரிய வடிகட்டியில் கழுவும்போது ஓரத்தில் சோடியம் தங்கும். இன்னும் கூடக் கழுவும்படி அண்ணனிடம் பக்குவமாகச் சொன்னேன்.

ராயப்பனுக்கு வஞ்சிர மீன் கிடைத்தது. வறுத்தேன். உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 10

மூன்றாவதும் போச்சு. மேடம் எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"நயினார், ஜெசிந்தா கையில வருது, உங்க கையில வரமாட்டேங்குது. எத்தனை தடவ கழுவுனீங்க?"

"ஒம்பது மேடம்."

"ஒம்பது கழுவியிருந்தா இப்படி வராது. இத நம்பச் சொல்லுதீங்களா?"

ஜனவரியில் அண்ணனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேடம் எழுதித் தர வேண்டும். டிசம்பர் 18-இல் ஆலையில் ஒன்றும் நடக்காவிட்டால் அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று லேபில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அக்டோபர் 17

இன்று நானும் கத்திவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல அவர் என் செய்முறையையே சந்தேகப்படுகிறார். "ஜெசிம்மா, இதுல ஏதாவது விட்டுப்போச்சா? திருப்பி ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க" என்றார், நோட்டு நகலை நீட்டி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எழுதினதச் செய்யத் தெரியாம என்னைக் கேள்வி கேக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பதினைந்து வயது மூத்தவரை.

அவர் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 18

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 26

கடையில் ராயப்பன் தக்காளி பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தத் திருவிழா அன்னைக்கு நீ செய்ததுதானே அந்த நல்ல மருந்து?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு மணிக்கே வந்துட்டியே, சீக்கிரம் முடிஞ்சிருச்சுபோலன்னு நினைச்சேன்."

தக்காளியை விலை பேசாமல் வாங்கினோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்க என்ன இருக்கிறது? எல்லோரும் நோட்டில் வழக்கமான வரியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான்.

நவம்பர் 1

நாலாவது கிலோ. அண்ணன் பன்னிரண்டு முறை கழுவினாராம். இருந்ததிலேயே இதுதான் மோசம். ஒரு துளிகூடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 4

சும்மா ஒரு சோதனைக்காகக் கைப்பிடி அளவு ஒன்று செய்து, இரண்டே முறை கழுவிக் காய வைத்திருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 6

மீத்தேன் கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டது.

பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த முறை கத்தவில்லை. கருவியை அணைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, வராந்தாவில் போய் நின்றேன்.

சரி, இந்த நாட்குறிப்பிடமாவது மறைக்காமல் சொல்கிறேன். ஆகஸ்ட் 5 அன்று நான் இரண்டு முறைதான் கழுவினேன். வீட்டில் பதினெட்டுப் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். "ஏழு முறை கழுவப்பட்டது" என்று காலையிலேயே எழுதி வைத்திருந்தேன், அடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கழுவாமல் தங்கிய சோடியம்தான் கரியமில வாயுவைப் பிடித்திருக்கிறது. சுண்ணாம்பு இல்லை. நாம் எல்லோரும் விஷம் என்று விரட்டிக்கொண்டிருந்த சோடியம்.

நவம்பர் 7

எவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று காலை முழுக்க யோசித்தேன். மேடத்திடம் போய், "மேடம், குறைவாகக் கழுவிப் பார்த்தேன், சோடியம் தங்கினால் பிடிக்கிறது" என்றால் போதும். புதுக் கண்டுபிடிப்பு. ஜெசிந்தா கெட்டிக்காரி. நாற்பத்தொன்றைப் பற்றி யாராவது கேட்டால், அதிலும் ஏதோ சோடியம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். பட்டம், கட்டுரை, ஆலை, எதற்கும் கெடுதல் இல்லை.

மதியம் ஸ்டோருக்குப் போனேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து காலி நீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் தேதியும், எந்தக் கழுவல் என்ற எண்ணும். நாலு கிலோவுக்கும் இருந்தது, கடைசிக் கிலோவுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம் கேட்டா காட்டலாம்னு வச்சிருக்கேன். பொய் சொல்லுதேன்னு நினைச்சிரக் கூடாது பாருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் நாங்கள் சொன்னது போல ஏமாற்றுக்காரராக இருந்து, நாலு கழுவலோடு நிறுத்தியிருந்தால், முதல் கிலோவே ஓரளவு பிடித்திருக்கும். எல்லோரும் கைதட்டியிருப்போம். ஒழுங்காகக் கழுவக் கழுவ அவர் தோற்றார். திட்டத் திட்ட இன்னும் ஒழுங்காகக் கழுவினார். அந்த நாலு தோல்வியும் அவருடைய நேர்மைக்கு நற்சான்று. அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானோ வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 8

சொல்லிவிட்டேன்.

நயினார் அண்ணனையும் மேடம் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இருவர் முன்னாலும் நின்றபடியே சொன்னேன். திருவிழா, ஒரு மணி, இரண்டு கழுவல், முன்கூட்டி எழுதிய வரி, நேற்று முன்தினம் செய்த சோதனை. எல்லாம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உன் நோட்ட நம்பி நான் ஒரு மனுஷன் வயித்துல அடிக்கப் பாத்தேனே" என்றார். அப்புறம் நீண்ட நேரம் திட்டினார். எழுதத் தக்கதாக இல்லை. எழுதத் தக்கது இது: திட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்று, "சோடியமா? சோடியமா புடிச்சுது?" என்றார். மறுபடி திட்டினார். மறுபடி நின்று, "எவ்வளவு புடிக்குது?" என்றார். முப்பது வருஷமாகச் சோடியத்தைக் கழுவி ஓட்டியவர். கோபமும் சந்தோஷமும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் அண்ணன் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "நயினார், மன்னிச்சிருங்க. நான் பேசினது தப்பு" என்றார்.

அண்ணன் பதறிப்போனார். "ஐயோ, விடுங்க மேடம்." பிறகு என்னைப் பார்க்காமல், "அப்ப ரெண்டு தடவ கழுவணும். சரி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

நவம்பர் 9

நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்தேன். உள்ளே இருப்பது தெரியும்படி அடிக்க வேண்டும், அதுதான் முறை. மேலே "இரண்டு முறை" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேடம் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார்.

அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. முதலிலிருந்து அளந்து, சரியாக எழுதி அனுப்ப ஆறு மாதம் ஆகும். பட்டமும் ஆறு மாதம் தள்ளிப்போகும். ராயப்பனிடம் சொன்னேன். "ஆறு வருஷம் இருந்தாச்சு, ஆறு மாசத்துல என்ன குறைஞ்சிரப்போவுது?" என்றார். தங்கமான மனுஷன்.

நயினார் அண்ணன் என்னை இப்போது ஜெசிம்மா என்பதில்லை. மேடம் என்கிறார். வேலைக்கு வேண்டியது மட்டும் பேசுகிறார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 27

இரண்டு கழுவலில் அண்ணன் செய்த கிலோ. பிடித்தது! சமைத்தது! என் கைப்பிடிக் கலவையைவிட நன்றாக. ஒரே அளவுக் குருணை, ஒரே நிறம், ஒரு துளி தூள் இல்லை. இருபது முறை மாற்றி மாற்றிப் புகையும் ஹைட்ரஜனும் விட்டோம். இருபதாவது முறையும் முதல் முறை போலவே. நான் துள்ளினேன். மேடம்கூடப் பாதி துள்ளினார். அண்ணன் வடிகட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 12

இரண்டாவது கிலோவும் தயார். பெட்டியில் அடைத்தாகிவிட்டது. ஆலைக்காரர்கள் இரும்புக் கலம் பொருத்திவிட்டார்களாம். லேபில் வருவது ஆலையில் வராமல் போன கதைகள் எத்தனையோ.

டிசம்பர் 18

ஜெயித்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலையின் தலைமைப் பொறியாளர் பிச்சையா. தலை நரைத்த, எதையும் நம்பாத ஆள். இருபது பேர் சூழ்ந்து நின்றார்கள். கலம் சூடேறியது. வால்வைத் திருப்ப மேடம் நயினார் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் சாமி கும்பிடப் போவது போலக் காலணியைக் கழற்றப் போனார். பாதுகாப்புக் காலணி, கழற்றக் கூடாது என்று தடுத்தோம். கண்ணை மூடி ஒரு நொடி நின்றுவிட்டுத் திருப்பினார்.

கொதிகலன் புகை உள்ளே போனது. வெளியேறும் பக்கம் கரியமில வாயு அளவு பத்து சதவீதத்திலிருந்து இறங்கி, ஒன்றுக்கும் கீழே போய், அங்கேயே நின்றது. இருபது நிமிடம் கழித்துப் புகையை நிறுத்தி, நைட்ரஜனால் குழாயைத் துடைத்துவிட்டு, ஹைட்ரஜனைத் திறந்தார். வெளிக்குழாய் முனையில் பொருத்தியிருந்த பர்னரைப் பற்றவைத்தோம். எரிந்தது.

பிச்சையா உதட்டைப் பிதுக்கினார். "ஹைட்ரஜன விட்டா ஹைட்ரஜன்தானய்யா எரியும்? இதுல என்ன அதிசயம்?"

நியாயமான கேள்வி. மேடம் வாயுமானித் திரையைக் காட்டினார். மீத்தேன் நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. பிச்சையா தன் ஆலையின் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் ஐம்பத்தைந்து என்றது. இன்னொரு சுற்று என்றார். செய்தோம். இன்னொன்று என்றார். செய்தோம். நாலாவது சுற்றில் அவரே வால்வைத் திருப்பினார். பர்னரில் நீலமாக எரிந்ததைக் குனிந்து பார்த்தார். காலையில் அவருடைய புகைக்கூண்டிலிருந்து வானத்துக்குப் போயிருக்க வேண்டிய வாயு அது. நிமிர்ந்து, "என் புகைய எனக்கே அடுப்பாக்கிட்டீங்களேய்யா!" என்று கத்தினார். இருபது பேரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

இருபது கிலோவுக்குக் கலம் கட்டலாம் என்றார். பிறகு, "இத எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நான் கண்டுபிடிக்கல சார்" என்றேன். "நான் வேலைய அரைகுறையா விட்டுட்டு, முழுசா செஞ்சதா நோட்டுல பொய் எழுதினேன். இவர் அத நம்பி நாலு தடவ ஒழுங்கா செஞ்சாரு, நாலு தடவையும் தோத்தாரு. பழியும் வாங்கினாரு. இவர் உண்மையா செஞ்சதுனாலதான் என் பொய் வெளிய வந்துச்சு. அதுலதான் இது கிடைச்சுது."

பிச்சையா முதலில் சிரித்தார். "எங்க லாக்புக்ல எல்லாம் எப்பவும் சரியாத்தான் இருக்கும்மா. அதான் எனக்கு எப்பவும் பயம்."

அப்போது நயினார் அண்ணன் தொண்டையைச் செருமினார். நாற்பது நாளாக என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர். மேடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம், ஒரு விண்ணப்பம். இனிமே இந்தப் பிள்ள நோட்டுல என்ன எழுதினாலும், நான் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு ஒரு உத்தரவு போட்டுருங்க."

"போட்டாச்சு" என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரிப்பதற்காகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் லேபுக்குத் திரும்பி நோட்டில் இன்றைய குறிப்பை எழுதி முடித்ததும், அண்ணன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். நடுவில் விரல் நின்றது.

"வால்வு திறந்தது பதினொண்ணு பத்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாண்ணே."

"பதினொண்ணு பன்னிரண்டு."

அடித்துத் திருத்தினேன். பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே, ஆறுமுகநயினார் என்று முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.